தையல் பிரித்தாயிற்று, வேலைக்குப் போகலாமா?

மூளைக் கட்டி ஆபரேஷன் முடிந்து ஒன்றரை, இரண்டு மாதம் ஆனதும் அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்கும் எங்கள் தெரபி பிரிவுக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்பங்க வேலைக்குப் போலாம்?" திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கத்துக்காரர்கள் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் அடுத்த வாரம் ஓடும். நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "என்ன வேலைங்க? எத்தனை மணி நேரம்? எதுல போவீங்க? பக்கத்துல யார் இருப்பாங்க?" இந்தப் பதில்கள் தெரியாமல் தேதி சொல்ல முடியாது.

மூளையில் தோன்றும் கட்டிகளில் அதிகம் வருவது மெனிஞ்சியோமா. மூளையை மூடியிருக்கும் உறையில் வளர்வது, பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, பெண்களுக்கு அதிகம். 'கேன்சர் இல்லீங்க' என்று டாக்டர் சொன்னதுமே வீட்டில் பாதிப் பயம் போய்விடும். அது நல்ல செய்திதான். ஆனால் வேலை என்று வரும்போது, கட்டி எந்த வகை என்பதோடு எந்த இடத்தில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பின்மண்டையில் இருந்திருந்தால் ஒரு பக்கப் பார்வை குறைந்திருக்கலாம், அது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். சிறுமூளை என்றால் நடையில் தள்ளாட்டம். இடது பக்கம் என்றால் பேச்சு தடுமாறலாம். முன்மூளைதான் ஏமாற்றிவிடும். நடப்பார், பேசுவார், சாப்பிடுவார். பார்க்க வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் "நல்லாத்தானே இருக்கறீங்க" என்பார்கள்.

அப்படி வந்தவர், பேட்லாக் என்ற தையல் மெஷினில் தைக்கும் ஒரு டெய்லர் அக்கா. பனியன் கம்பெனியில் பல வருட அனுபவம். அவர் கணவரிடம் சொல்லி கம்பெனியிலிருந்து வெட்டிய பீஸ் கொஞ்சம் கொண்டுவரச் செய்தேன். மேசையில் கொட்டி, சைஸ் பிரித்து, டஜன் டஜனாகக் கட்டச் சொன்னேன். அமைதியான அறையில் முதல் இரண்டு கட்டு சரியாக வந்தது. அப்புறம் ரேடியோவைப் போட்டுவிட்டு, நடுவில் "மதியம் என்ன குழம்புங்க்கா?" என்று கேட்டேன். பதில் சொன்னார், கையும் நிற்கவில்லை. ஆனால் அடுத்த கட்டில் பதினைந்து பீஸ், அதில் எல் சைஸ் நான்கு எம் சைஸோடு கலந்திருந்தது. தப்பு நடந்தது அவருக்குத் தெரியவே இல்லை. பழகிய கை பழைய வேகத்தில் போகிறது, அதைக் கூட இருந்து சரிபார்க்கும் கவனம் இன்னும் திரும்பவில்லை. இந்த நிலையில் அவரை லைனில் உட்கார வைத்தால் முதல் வாரமே சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி, "எனக்கு மூளையே போச்சு" என்று வீட்டோடு முடங்கிவிடுவார்.

கட்டுக்கு ஒரு சீட்டு, பன்னிரண்டு கோடு, பீஸ் வைக்க வைக்க ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். இப்படித்தான் பழகினார். கம்பெனியில் பேசி, முதலில் கைமடி (டெய்லருக்கு உதவியாள்) வேலை, காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் மட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆரம்பித்தோம். நான் பிடிவாதமாகக் கேட்டது, பீஸ் ரேட் வேண்டாம், நாள் சம்பளமாகக் கொடுங்கள் என்பதைத்தான். பீஸ் ரேட்டில் உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் வேகத்தைத்தான் துரத்துவார்கள். சில மாதம் கழித்து மெஷினுக்குத் திரும்பினார், ஒரு ஷிப்ட் மட்டும். ஒன்றரை ஷிப்டுக்கு இன்னும் நான் சம்மதிக்கவில்லை.

அசதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை. பதினோரு மணி வரை நன்றாக இருப்பவருக்குத் திடீரென்று தலை கனத்து, எதிரில் பேசுவது காதில் விழுந்தும் மனதில் ஏறாது. கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தவர்களுக்கு அது முடிந்த பிறகு வரும் வாரங்களில்தான் அசதி இன்னும் கூடும். 'ட்ரீட்மென்ட்தான் முடிஞ்சுதே' என்று அந்த நேரம் பார்த்து வேலைக்கு அனுப்பிவிடாதீர்கள். சோம்பேறித்தனம் என்று தயவுசெய்து சொல்லவும் வேண்டாம். வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டில் ஒத்திகை பாருங்கள். கம்பெனிக்குக் கிளம்புகிற நேரத்துக்கே எழுந்து, குளித்து, உட்கார்ந்து ஏதாவது வேலை. எத்தனை மணிக்குத் தலை கனக்கிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். எத்தனை மணி நேர வேலையோடு ஆரம்பிக்கலாம் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

வலிப்பு மாத்திரையில் விளையாட்டே கூடாது. பலருக்கும் தரப்படும் லெவிடிராசிட்டம் சிலருக்குச் சிடுசிடுப்பைக் கொண்டுவரும். "ஆபரேஷனுக்கப்புறம் ஆளே மாறிட்டாருங்க" என்று மனைவி அழுதால் மாத்திரையும் ஒரு காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு மாற்றவோ வழி உண்டு. நாமாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். வீக்கம் குறையக் கொடுக்கும் ஸ்டீராய்டையும் டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். தூக்கம் கெட்டாலே வலிப்பைத் தூண்டும் என்பதால் மில்லில் நைட் ஷிப்ட் இப்போதைக்கு வேண்டாம். டாக்டர் சரி என்று சொல்லும் வரை வண்டி ஓட்டக் கூடாது. கம்பெனி வேன் இருக்கிறது, டவுன் பஸ் இருக்கிறது.

தோட்டம் வைத்து விவசாயம் செய்கிறவர்களுக்குக் கம்பெனி, சூப்பர்வைசர் என்று யாரும் இல்லை, அதனால் எனக்கு அவர்களைப் பற்றித்தான் கவலை அதிகம். ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் மோட்டார் போடத் தனியாகக் கிணற்றுமேட்டுக்குப் போவது நம்மூர் வழக்கம். வலிப்பு வர வாய்ப்புள்ளவர் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றோரம் இருட்டில் நிற்கவே கூடாது. மரம் ஏறுவது, டிராக்டர் ஓட்டுவதும் அப்படித்தான். மகனோ பங்காளியோ கூடப் போகட்டும்.

இன்னொன்று, அவசரப்பட்டு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்தவர்களுக்கு வேலைக்குப் போக முடியாத காலத்தில் வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். நீண்டகால நோய்ப் பட்டியலில் மண்டையோட்டுக்குள் வரும் கட்டியும் இருக்கிறது. இரண்டு வருடம் தொடர்ந்து வேலை செய்து, போதிய நாட்கள் சந்தா கட்டியிருந்தால் 80 சதவீதம், தேவைக்கேற்ப அதிகபட்சம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். கோவைக்காரர்கள் வரதராஜபுரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலோ உங்கள் பகுதி டிஸ்பென்சரியிலோ நேரில் கேளுங்கள். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. பணிக்காலத்தில் ஏற்பட்ட குறைபாட்டைக் காட்டி வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும்.

முதலாளிகளுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலை செய்தால் கட்டி திரும்ப வந்துவிடும் என்பது வீண் பயம், அதற்காக ஆளை ஒதுக்காதீர்கள். சத்தம் குறைந்த மூலையில் இடம் கொடுங்கள். ஒரே நேரத்தில் மூன்று வேலை சொல்லாமல், ஒன்றொன்றாகச் சொல்லுங்கள், சீட்டில் எழுதியும் கொடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், கையில் சாவி திணிக்காமல் இருக்கவும் பக்கத்து டேபிளில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் 108. ஸ்கேனுக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள், அது சில வருடங்களுக்குத் தொடர்ந்து எடுக்க வேண்டியது.