கூண்டு ஏறும் முன்பே தொடங்கும் சட்டம்

நாகப்பட்டினம் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டது என்று செய்தி வந்ததும் கடலோரத்தில் என்னென்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் பழகிப்போன ஒன்று. படகுகளை மேட்டுக்கு இழுப்பார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போகும். கிராம நிர்வாக அலுவலர் கூரை வீடுகளாகப் பார்த்து நின்று, "பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்கம்மா, ராத்திரிச் சாப்பாடு அங்கேயே ஏற்பாடு பண்ணியாச்சு" என்பார்.

அந்தச் சாப்பாட்டுக்கான அரிசியை டெண்டர் விடாமல் எப்படி ஒரே நாளில் வாங்கினார்கள்? முதியவர்களை ஏற்றிப்போக வந்து நிற்கும் லாரி யாருடையது? தனியார் லாரியை எடுத்துக்கொள்ளும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு எங்கிருந்து வந்தது? எல்லாவற்றுக்கும் விடை ஒரே சட்டத்தில் இருக்கிறது: பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். அன்றுவரை நாடு முழுமைக்குமான பேரிடர்ச் சட்டம் இந்தியாவில் இல்லை. நிவாரணம் என்பது வருவாய்த் துறையின் வழக்கமான வேலைகளில் ஒன்றாக, நடந்து முடிந்த பிறகு கணக்கெடுத்துக் கொடுப்பதாகவே இருந்தது. சுனாமிக்கு ஓராண்டு நிறைய மூன்று நாள் இருக்கும்போது, 2005 டிசம்பர் 23 அன்று, இந்தச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. மேலே பிரதமர் தலைமையில் தேசிய ஆணையம், நடுவில் முதலமைச்சர் தலைமையில் மாநில ஆணையம், கீழே ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையம் என்று மூன்று அடுக்கு. மாவட்ட அடுக்கில் ஆட்சியரோடு, மக்கள் தேர்ந்தெடுத்த உள்ளாட்சிப் பிரதிநிதி ஒருவரும் இணைத் தலைவராக இருக்க வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை இந்தச் சட்டத்தின் உயிர் வரையறைப் பகுதியில் இருக்கிறது. 'பேரிடர்' என்பதற்கு விளக்கம் சொன்னதோடு நிற்காமல், 'ஆயத்தம்' என்பதை, பேரிடரை மட்டுமல்ல, 'பேரிடர் வரக்கூடிய அபாய நிலை'யையும் எதிர்கொள்ளத் தயாராக இருப்பது என்று அது வரையறுக்கிறது. சேதம் நடந்தால்தான் அரசு இயந்திரம் அசையலாம் என்ற பழைய பூட்டு அந்த ஒரு வரியில் உடைகிறது. அபாய நிலை வந்துவிட்டது என்று ஆணையம் கருதினாலே போதும், 50-வது பிரிவின்படி டெண்டர் நடைமுறை இல்லாமல் பொருள் வாங்கலாம். 65-வது பிரிவின்படி வாகனங்களையும் கட்டடங்களையும் கையகப்படுத்தலாம். உரிமையாளருக்கு அதற்கான தொகையைக் கொடுத்துவிட வேண்டும். 34-வது பிரிவு போக்குவரத்தை நிறுத்தவும், ஆபத்தான இடத்துக்குள் ஆட்கள் போகாமல் தடுக்கவும் அனுமதிக்கிறது.

வானிலை ஆய்வு மையத்தின் கடிகாரத்தோடு இதைப் பொருத்திப் பாருங்கள். புயலைப் பற்றிய முதல் நிலை அறிவிப்பு சுமார் 72 மணி நேரத்துக்கு முன்பு வரும். 48 மணி நேரத்துக்கு முன் அடுத்தது, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன் கரையைக் கடந்தபின் உள்நாட்டில் என்ன ஆகும் என்ற கணிப்பு. 72 மணி நேரம் இருக்கும்போது புயல் எங்கே கரையேறும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. அந்த நிச்சயமின்மைக்குள்தான் ஓர் அதிகாரி அரசுப் பணத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது. புயல் திசை மாறிப் போய்விட்டால் "வீண் செலவு" என்று தணிக்கையில் கேட்பார்களே என்று அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு உயிர்கள் பலியாகும். சட்டம் அவருக்குக் கொடுப்பது அந்தத் தைரியத்தை.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறுவதற்குள் 80,000-க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு வந்துவிட்டிருந்தார்கள். ஒடிசாவின் கணக்கு இன்னும் அழுத்தமானது. 1999 சூப்பர் புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2019-ல் ஃபானி வந்தபோது 12 லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். இறந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு.

இடம்பெயரச் சொன்னால் போதாது, போய் இருக்க இடம் வேண்டும். கடற்கரைக் கிராமங்களில் கட்டப்பட்டுள்ள பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையம் ஒன்றின் முன்னால் நின்று பார்த்தால் அதன் யோசனை புரியும். கீழ்த்தளத்தில் சுவரே இருக்காது, வெறும் தூண்கள்தான். கடல் உள்ளே வந்தால் கட்டடத்தோடு மல்லுக்கு நிற்காமல் தூண்களுக்கு இடையே ஓடிவிட வேண்டும் என்பதற்காக. படியோடு சாய்தளமும் இருக்கும். சக்கர நாற்காலியும் ஏறலாம், கன்றுபோட்ட மாட்டையும் ஏற்றலாம். 'பல்நோக்கு' என்ற சொல்லுக்கும் காரணம் உண்டு. வருடம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் கட்டடத்தில் ஜெனரேட்டர் துருப்பிடிக்கும், குழாயில் தண்ணீர் வராது, சாவி யாரிடம் இருக்கிறது என்பதே மறந்துபோகும். பள்ளியாகவோ சமுதாயக் கூடமாகவோ அன்றாடம் புழங்கினால் அது உயிரோடு இருக்கும். உள்ளாட்சி அமைப்பு தன் பொருட்களை எடுத்த மாத்திரத்தில் பயன்படும்படி வைத்திருக்க வேண்டும் என்று 41-வது பிரிவு சொல்வது இந்தச் சாவியைத்தான், இந்த டீசலைத்தான்.

முகாமுக்குள்ளும் சட்டம் வருகிறது. சுனாமிக்குப் பிந்தைய நிவாரணத்தில் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதாக நம் கடற்கரையிலேயே புகார்கள் எழுந்தன. நிவாரணத்தில் பால், சாதி, மதம், குலம் பார்க்கக் கூடாது என்று 61-வது பிரிவு வெளிப்படையாகச் சொல்கிறது. முகாம்களில் இதை எழுதி ஒட்டியே வைக்கலாம்.

இந்த ஏற்பாடுகள் எட்டாத இடங்களும் இருக்கின்றன. 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் ஓக்கி மளமளவென்று வலுத்துப் புயலானபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்கள் பலர் பல நாட்கள் தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் ஒலிபெருக்கி ஒலித்தது. செல்போன் சிக்னல் போகாத தூரத்தில் இருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கே செய்தி அனுப்பும் கருவிகள் வேண்டும் என்ற பேச்சு அந்த மரணங்களுக்குப் பிறகுதான் வேகமெடுத்தது. ஆட்சியருக்கு எத்தனை அதிகாரம் கொடுத்தாலும், செய்தி போய்ச் சேராத இடத்தில் அந்த அதிகாரத்துக்கு வேலை இல்லை.

பணத்துக்கு வருவோம். கஜாவில் உயிர்கள் காப்பாற்றப்பட்டன, ஆனால் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. நெட்டை ரகத் தென்னை காய்க்கப் பல வருடங்கள் ஆகும். நிவாரணத் தொகை அந்த வருடங்களைத் திருப்பித் தராது. வந்தபின் கொடுப்பதற்கு ஒரு நிதி, வருமுன் சேதத்தைக் குறைப்பதற்கு இன்னொரு நிதி என்று சட்டம் 2005-லேயே இரண்டைச் சொல்லியிருந்தது. முதலாவது 2010-ல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவதான தேசியத் தணிப்பு நிதி உருவானது 2021-ல்தான். பதினைந்து வருடங்கள் ஒரு பிரிவு காகிதத்திலேயே கிடந்ததை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு மாநிலங்களுக்கென்று வகுத்த 1,60,153 கோடி ரூபாயில், நூற்றுக்கு 40 மீட்புக்கும் நிவாரணத்துக்கும், 30 மறுகட்டமைப்புக்கும், 10 ஆயத்தப் பணிகளுக்கும், 20 தணிப்புக்கும். சதுப்புநிலக் காடு வளர்ப்பது, வடிகாலை அகலப்படுத்துவது போன்றவற்றுக்கு அந்த 20-லிருந்துதான் எடுக்க வேண்டும்.

எதைப் 'பேரிடர்' என்று அழைக்கிறோமோ அதற்குத்தான் இந்தப் பணம் போகும். மத்தியப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், ஆலங்கட்டி மழை, பனிச்சரிவு, குளிர் அலை எல்லாம் உண்டு. வெப்ப அலை இல்லை. காற்று 1 டிகிரி சூடாகும்போது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடித்துவைக்கும். பெருமழை மேலும் பெருமழையாவது அதனால்தான். அதே ஈரம் வெயில் காலத்தில் உடம்புக்குப் பகையாகிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும், புழுக்கத்தில் அது உலராமல் வழிந்துகொண்டே இருக்கும். கடலோரத்தில் 37 டிகிரியாவது தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால்தான் வானிலை மையம் வெப்ப அலை என்கிறது. 36 டிகிரியில், புழுக்கத்தில் சென்னைக் கட்டட வேலையில் சித்தாள் மயங்கி விழுந்தால் அந்த அளவுகோலில் அது பதிவாகாது.

மாநிலங்களுக்கு இங்கே ஒரு வாசல் உண்டு. தங்கள் நிவாரண நிதியில் 10 சதவீதம் வரை, தாங்களே அறிவிக்கும் மாநிலப் பேரிடருக்குச் செலவிடலாம். கேரளம் அப்படிச் செய்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய், தண்ணீர்ப் பந்தல், உப்புச்சர்க்கரைக் கரைசல் என்று செலவுக்கு வழி பிறந்தது. ஆனால் வெயிலில் நடந்த மரணம் பெரும்பாலும் 'மாரடைப்பு' என்றே எழுதப்படுகிறது. சான்றிதழில் சரியான சொல் இல்லாவிட்டால் அறிவித்த தொகை அந்த வீட்டுக்குப் போகாது. மருத்துவமனைப் பதிவேட்டைச் சீர்செய்வதையும் நான் பேரிடர் ஆயத்தமாகவே பார்க்கிறேன்.

2025-ல் வந்த திருத்தம் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் மாநகராட்சி ஆணையர் தலைமையில் நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் மாடியில் நின்றவர்களுக்கு இதன் தேவையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏரி ஒரு துறை, வடிகால் ஒரு துறை, ஆற்றங்கரை மனை இன்னொரு துறை என்று இருக்கும் நகரத்தில், தண்ணீர் மட்டும் துறை பார்த்து ஓடுவதில்லை.

இவை எல்லாவற்றின் கடைசிக் கண்ணி மாவட்டப் பேரிடர் திட்டம். 31-வது பிரிவின்படி அதை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். மாவட்ட இணையதளங்களில் கிடைக்கும், பல நூறு பக்கம் இருக்கும். போன ஐப்பசியில் எங்கள் பகுதிக்கான பக்கத்தைத் தேடியெடுத்து, அதிலிருந்த பாதுகாப்பு மையப் பொறுப்பாளரின் எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர், "நான் மாறுதலாகி மூணு வருஷம் ஆச்சுங்க" என்றார். இப்போது யார் என்று அவருக்கும் தெரியவில்லை. அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். புதிய பட்டியல் வரும்வரை வீட்டில் எல்லோரும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐத்தான் எழுதி வைத்திருந்தோம், அடுப்படிச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில்.