குளோனிங் படியெடுப்பு அல்ல, பதியம்

சென்ற வாரம் மெய்ப்புப் பார்க்க வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி இருந்தது: "மண் பாக்டீரியாவிலிருந்து படியெடுக்கப்பட்ட மரபணுக்கள் புதிய பாக்டீரியாவில் படியெடுக்கப்படவில்லை."

இரண்டு முறை படித்தும் பிடிபடவில்லை. மூலத்தைப் புரட்டிய பிறகுதான் விளங்கியது. முதல் படியெடுப்பு குளோனிங், அதாவது ஓர் உயிரின் டிஎன்ஏ துண்டை வெட்டியெடுத்து வேறோர் உயிரணுவுக்குள் வைத்து வளர்ப்பது. இரண்டாவது படியெடுப்பு, டிஎன்ஏவைப் பார்த்து உயிரணு ஆர்என்ஏவை உருவாக்கும் வேலை. பள்ளிப் பாடநூல்கள் படியெடுத்தல் என்று சொல்லித் தருவது இந்த இரண்டாவதைத்தான். அந்தச் சொல்லைப் பிடுங்கி வேறொன்றுக்குக் கொடுத்தால் படிக்கிற மாணவர் என்ன செய்வார்? இதே குழப்பத்தை வெவ்வேறு கட்டுரைகளில் பார்த்துச் சலித்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

குளோன் கிரேக்கச் சொல். கொப்பு, சிறு கிளை என்று பொருள். விதையில்லாமல், கிளையோ கிழங்கோ ஒட்டோ வழியாக ஒரே செடியிலிருந்து பெருகிய கூட்டத்துக்கு 1903இல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இந்தப் பெயரை வைத்தார். அப்புறம் ஒரே உயிரணுவிலிருந்து பெருகிய கூட்டத்துக்கும், 1970களில் மரபணுவுக்கும் அது வந்து சேர்ந்தது. இதில் நகல், படி என்ற பேச்சே கிடையாது.

குளோனிங்குக்கு நகலாக்கம் என்ற சொல் பரவியதற்கு 1996இல் பிறந்த டாலி ஆடு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். ஓர் ஆட்டைப் போலவே இன்னோர் ஆடு என்று செய்தி வந்தது, நகல் என்று எழுதினார்கள். செய்திக்கு அது போதும். ஆனால் அதே சொல்லைத் தூக்கிவந்து மரபணுவின் தலையில் வைத்ததுதான் பிழை. மரபணு ஆய்வகத்தில் நடப்பது என்ன என்று பார்த்தால் இது புரியும்.

மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாக்கள் உண்டு. பூஞ்சை போல இழை இழையாக வளரும். மழைக்குப் பின் எழும் மண்வாசனையில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து இவற்றிடமிருந்து வந்ததுதான். இந்த இனத்தில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற ஒன்று ஆக்டினோரோடின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பியைச் சுரக்கும். அமிலத்தில் சிவப்பு, காரத்தில் நீலம். இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஜான் இன்னெஸ் நிலையத்தில் டேவிட் ஹாப்வுட்டும் பிரான்சிஸ்கோ மல்பார்ட்டிடாவும் இந்த நிறத்தையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டார்கள். மரபணு மாறிப்போனதால் நிறம் வராத சடுதிமாற்ற வகைகளுக்குள் டிஎன்ஏ துண்டுகளைச் செலுத்தி, எந்தத் துண்டு போனதும் நிறம் திரும்புகிறது என்று தேடினார்கள். கடைசியில் அந்தப் பொருளை உண்டாக்கும் மரபணுக்கள் எல்லாம் டிஎன்ஏவில் பக்கம் பக்கமாக ஒரே கொத்தாக இருப்பது தெரிந்தது. அந்தக் கொத்தை முழுதாக எடுத்து ஸ்ட்ரெப்டோமைசிஸ் பார்வுலஸ் என்ற வேறோர் இனத்துக்குள் வைத்தபோது அதுவும் ஆக்டினோரோடினைச் செய்தது. இது 1984இல் வெளியானது. ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பியின் உற்பத்திப் பாதை முழுவதையும் குளோனிங் செய்தது அதுவே முதல் முறை.

இதில் நகல் எங்கே வருகிறது? துண்டைச் சுமந்து செல்ல அவர்கள் பயன்படுத்திய பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையம் ஓர் உயிரணுவுக்குள் மிகச் சில படிகளாக மட்டுமே இருக்கும் வகை. படிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது அவர்கள் நோக்கமே இல்லை. ஒரு துண்டை வெட்டி, பிளாஸ்மிட்டில் சேர்த்து, வேறோர் உடலில் ஊன்றி, அங்கே தழைக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. உயிரணு பிரியும்போது படிகளும் பெருகுகின்றன, சரி. கொடி வளர்ந்தால் இலைகளும் பெருகத்தான் செய்யும். அதற்காகக் கொடி நடுவதை இலையெடுப்பு என்று யாராவது சொல்வோமா?

வெட்டி, ஊன்றி, தழைக்கவைப்பதற்குத் தமிழில் சொல் இல்லாமலா போனது? பதியம் இருக்கிறதே. மல்லிகைக்கும் ரோஜாவுக்கும் பதியம் போடுகிறவர்களுக்கு விளக்கவே வேண்டாத சொல். கிரேக்கர் கொப்பு என்று எதை நினைத்தார்களோ, அதே இடத்தில் நிற்கிறது. மரபணுப் பதியம், பதியமிடுதல், பதியமிட்ட கொத்து என்று வினையாகவும் பெயராகவும் தடையில்லாமல் வளைகிறது.

பதியத்தில் கிளை தாய்ச்செடியோடு இருக்கும்போதே வேர்விடும், மரபணுவை வெட்டிய பிறகுதானே வைக்கிறோம் என்று ஒரு நண்பர் மறுத்தார். உண்மைதான். ஆனால் வெட்டி நடும் கொப்பையும் பதியம் என்று சொல்லும் வழக்கு உண்டு. ஒட்டு என்று சொல்லலாமே என்றார் இன்னொருவர். டிஎன்ஏ துண்டைப் பிளாஸ்மிட்டோடு இணைக்கும் அந்த ஒரு படிநிலைக்கு ஒட்டு மிகப் பொருத்தம். அதை அதற்கே விட்டுவைக்கலாம். பதியம் பிடிக்காதவர்கள் குளோனிங் என்றே எழுதட்டும், எனக்குத் தடையில்லை. தப்பான தமிழ்ச் சொல்லைவிடத் தெளிவான கடன் சொல் மேல். தூய தமிழ் வேண்டும் என்பவன்தான் நானும். ஆனால் தூய்மை என்ற பெயரில் இரண்டு பொருளை ஒரே சொல்லில் அடைப்பதை ஏற்க முடியாது.

இந்தத் துறையில் குளோனிங், ஆர்என்ஏவை உருவாக்கும் படியெடுப்பு ஆகிய இரண்டும் ஒரே வரியில் வந்தே தீரும். சீலிகலரின் முழு மரபுத்தொகை, அதாவது அதன் டிஎன்ஏ முழுவதன் வரிசை, 2002இல் வெளியானபோது, இத்தகைய பொருள்களைச் செய்யக்கூடிய கொத்துகள் 20க்கும் மேல் தென்பட்டன. பல மண் பாக்டீரியாக்களில் இப்படிப்பட்ட கொத்துகள் ஆய்வகத்தில் உறங்கிக்கிடக்கின்றன, அதாவது படியெடுக்கப்படுவதில்லை. அவற்றை எழுப்பத்தான் வேறோர் இனத்தில் பதியமிடுகிறார்கள். அங்கும் சில சமயம் எழுவதில்லை. மொழிபெயர்ப்பவர் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுக்காமல், அடுத்த வரியில் என்ன வருகிறது என்று பார்த்திருந்தாலே இந்த மோதல் தெரிந்திருக்கும்.

அந்த வரியை இப்படித் திருத்தி அனுப்பினேன்: "மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்துப் பதியமிட்ட மரபணுக்கள் புதிய பாக்டீரியாவில் படியெடுக்கப்படவில்லை."