1 ஜிபி சர்வரில் மைஎஸ்கியூஎல்: முதலில் கணக்கைப் போடுங்கள்

சிறு கடைகளின் வேர்ட்பிரஸ் தளங்களைப் பராமரிக்கும் எனக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான்: "தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்று காட்டுகிறது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது, பிறகு மறுபடியும் வருகிறது." பார்த்தால் பெரும்பாலும் 1 ஜிபி நினைவகம் உள்ள மலிவான சர்வராக இருக்கும். கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) எழுதும் பதிவைத் திறந்தால், நினைவகம் தீர்ந்ததால் லினக்ஸே மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுத்தியிருப்பது தெரியும்.

நிறுத்தப்பட்டது மைஎஸ்கியூஎல் என்பதால் பழியையும் அதன்மேல் போடாதீர்கள். இத்தகைய நெருக்கடியில் லினக்ஸ் பொதுவாக அதிக இடம் பிடித்திருக்கும் ஒற்றைச் செயல்முறையைத்தான் தேர்ந்தெடுக்கும். ஆனால் இடத்தை விழுங்கியது பல நேரங்களில் வேர்ட்பிரஸை இயக்கும் மொழியான பிஎச்பி. பிளகின்கள் நிறைந்த தளத்தில் ஒரு பிஎச்பி செயல்முறை 50 எம்பி எடுப்பது சாதாரணம். அப்படி 20 செயல்முறைகளுக்கு அனுமதி தந்திருந்தால் 1 ஜிபி அங்கேயே முடிந்துவிட்டது. ஆகவே நான் முதலில் தொடுவது, பிஎச்பி செயல்முறைகளை நிர்வகிக்கும் பிஎச்பி-எஃப்பிஎம்மின் மேக்ஸ் சில்ட்ரன் அளவை, அதாவது ஒரே நேரத்தில் ஓடக்கூடிய செயல்முறைகளின் உச்ச எண்ணிக்கையை. 1 ஜிபி சர்வரில் 5 அல்லது 6 போதும்.

அடுத்தது இன்னோடிபி பஃபர் பூல், அதாவது மைஎஸ்கியூஎல் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடம். நினைவகத்தில் 80 சதவீதம் வரை இதற்குத் தரலாம் என்ற அறிவுரை, தரவுத்தளம் மட்டுமே ஓடும் சர்வருக்கானது. இணையதளமும் அதே சர்வரில் இருந்தால் அதைப் பின்பற்றாதீர்கள். இயல்பான 128 எம்பியே சிறிய தளத்துக்குத் தாராளம். இன்னொன்று, மைஎஸ்கியூஎல்-இன் 5.7, 8.0 பதிப்புகளில் பூல் இயல்பாக 128 எம்பி துண்டுகளாகவே வளரும். நீங்கள் 200 எம்பி என்று எழுதினால் அது 256 எம்பி ஆக உயர்ந்துவிடும். உயர்ந்தது தெரியாமல் போடும் கணக்கு தப்பாகத்தான் முடியும்.

என்னை மிகவும் வருத்துவது, பெரிய சர்வருக்கு எழுதிய அமைப்புக் கோப்பை அப்படியே ஒட்டும் பழக்கம். சார்ட் பஃபர் என்பது தரவை வரிசைப்படுத்த ஒதுக்கும் நினைவகம்; அதன் இயல்பு அளவு 256 கேபி. அதை 4 எம்பி ஆக்கினால் ஒவ்வொரு இணைப்பும் அந்த அளவு வரை கேட்கலாம். இணைப்புகளின் இயல்பு வரம்பு 151. இரண்டையும் பெருக்கினால் 604 எம்பி! தளத்தில் கூட்டம் இல்லாத நாட்களில் இது கண்ணில் படாது. தள்ளுபடி அறிவித்த அன்று மாலைதான் தளம் விழும். சார்ட், ஜாயின், ரீட் பஃபர்களை இயல்பு நிலையிலேயே விடுங்கள். இணைப்பு வரம்பை 20 ஆகக் குறைத்துவிடுங்கள். 6 பிஎச்பி செயல்முறைகளுக்கு அதுவே அதிகம்.

தரவுத்தளத்தின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா மைஎஸ்கியூஎல்-இல் இயல்பாகவே இயங்கும். சிறிய சர்வரில் அதை அணைத்தால் கணிசமான இடம் மிஞ்சும். மைஎஸ்கியூஎல்-இலிருந்து பிரிந்த மரியாடிபியில் அது ஏற்கெனவே அணைந்துதான் இருக்கும். வினவல்களின் முடிவுகளைச் சேமித்துவைக்கும் குவெரி கேஷைக் கூட்டச் சொல்லும் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிடுங்கள், மைஎஸ்கியூஎல் 8.0இல் அந்த வசதியே நீக்கப்பட்டுவிட்டது.

நினைவகம் போதாதபோது வட்டில் இடம் தரும் 1 ஜிபி ஸ்வாப் கோப்பு ஒன்றையும் அமையுங்கள். திடீர் நெருக்கடியில் அது தாங்கும். ஆனால் தினமும் ஸ்வாப் நிரம்புகிறது என்றால் எங்கோ அளவு கூடியிருக்கிறது என்று பொருள். மாற்றங்கள் செய்து ஒரு வாரம் கழித்து மேக்ஸ் யூஸ்ட் கனெக்ஷன்ஸ் எண்ணை, அதாவது ஒரே நேரத்தில் இருந்த இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையைப் பாருங்கள். அது 20ஐத் தொட்டிருந்தால் வரம்பை உயர்த்துவதற்கு முன், மெதுவாக ஓடும் வினவல்களின் பதிவை இயக்கி, எது இணைப்பைப் பிடித்துவைத்திருக்கிறது என்று தேடுங்கள்.