டாரிஃப்: வரியா, பட்டியலா?

‘டாரிஃப்’ என்று வந்தால் ‘வரி’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சொல்லின் பிறப்பில் வரி இல்லை. ‘தஅரீஃபா’ என்ற அரபுச் சொல்லுக்கு அறிவிப்பு என்று பொருள். மத்தியதரைக் கடல் வணிகத்தில் இத்தாலியர் வாயில் ‘தரிஃபா’ ஆகி, எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று எழுதிவைத்த பட்டியலைக் குறித்தது. ஓட்டல் அறை வாடகையையும் மின்கட்டணத்தையும் இன்றும் டாரிஃப் என்பது அதனால்தான்.

அந்தப் பட்டியல் என்ன செய்யும் என்பதற்கு 1930இன் அமெரிக்காவே சாட்சி. இறக்குமதி வரிகளை உயர்த்தும் ஸ்மூட்–ஹாலி சட்டம் வேண்டாம் என்று 1,028 பொருளியலாளர்கள் எழுதிக் கேட்டும், ஜூன் 17 அன்று அதிபர் ஹூவர் கையெழுத்திட்டார். அதில் முட்டையைப் பாருங்கள். டஜனுக்கு 8 சென்ட்டாக இருந்த வரி 10 ஆனது. பதிலுக்குக் கனடா தன் பட்டியலில் 3 சென்ட்டை 10 ஆக்கியது. 1929இல் கனடாவுக்குப் போன அமெரிக்க முட்டை 9 லட்சம் டஜனுக்கும் மேல். 1932இல் 14 ஆயிரம் டஜன்கூட இல்லை.

இன்னொன்றும் நடந்தது. ‘டஜனுக்கு 10 சென்ட்’ என்பது எண்ணிக்கை மேல் விழும் வரி. விலையோடு அது இறங்காது. 40 சென்ட் பொருளுக்கு 10 சென்ட் என்றால் 25 சதவீதம். அதே பொருள் 20 சென்ட்டுக்கு விழுந்தால் 50 சதவீதம்! அப்போதைய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் விலைகள் சரியச் சரிய, பட்டியலில் ஓர் எழுத்தும் மாறாமலே சுமை ஏறியது. வரிக்குரிய சரக்குகள் மீதான சராசரி வரி 1932இல் 59 சதவீதத்தைத் தொட்டது.

அந்தக் காலத்துப் புள்ளிவிவரத்தையும் இதே கவனத்தோடுதான் படிக்க வேண்டும். அமெரிக்க இறக்குமதி 1929இல் 440 கோடி டாலர், 1932இல் சுமார் 130 கோடி. இதில் விலை வீழ்ச்சியும் கலந்திருக்கிறது. சரக்கின் அளவு, சட்டம் வந்த இரண்டு ஆண்டுகளில் 40 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. அதிலும் மந்தத்தின் பங்கே பெரிது.

சரி, தமிழில் என்ன சொல்வது? சுங்கமாக வரும் பொருளைக் குறள் ‘உல்கு பொருள்’ என்கிறது. அழகான சொல், ஆனால் புழக்கத்தில் இல்லை. ‘சுங்கவரி’ எல்லோருக்கும் புரியும், பட்டியல் என்ற பொருளைத்தான் தராது. என் தேர்வு ‘தீர்வை’. தனி வரிக்கு இறக்குமதித் தீர்வை, முழுப் பட்டியலுக்குத் தீர்வைப் பட்டியல், மின்சாரத்துக்குக் கட்டண விகிதம். தீர்வை ஒன்றும் புதுச்சொல் அல்ல. தமிழ்நாட்டு அரசின் ‘ஆயத்தீர்வை’த் துறையில் இருக்கிறது, இலங்கைத் தமிழர் ‘தீர்வையற்ற கடை’ என்று இயல்பாகவே எழுதுகிறார்கள்.