இன்சுலின் மாறினால் சிரிஞ்சும் மாற வேண்டும்

கடந்த வாரம் இரவு பதினொரு மணிக்கு, துண்டில் சுற்றி, சர்க்கரை நோயுள்ள ஓர் ஆண் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எடை 5 கிலோ; கால்கள் வெட்டிவெட்டி இழுத்துக்கொண்டிருந்தன; ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு வெறும் 28 மில்லிகிராம், உயிருக்கே ஆபத்தான தாழ்வு. இரண்டு நாட்களுக்கு முன்புதான் லென்ட்டே இன்சுலினை நிறுத்திவிட்டு, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு யூனிட் கிளார்ஜின் என்ற வேறு வகை இன்சுலின் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) நரம்பில் ஏறத் தொடங்கிய பிறகு, எந்தச் சிரிஞ்சில் போட்டீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டியது சிவப்பு மூடி போட்ட பழைய சிரிஞ்ச். "ஒரு பெட்டி அப்படியே மிச்சம் இருந்தது டாக்டர். ஒரு யூனிட் எந்த மூலைக்கு என்று, முன்பு போட்ட மூன்றையே போட்டேன்" என்றார். இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது பூனை இது.

சிரிஞ்ச் என்பது வெறும் பிளாஸ்டிக் குழாய், எதில் எடுத்தாலும் மூன்று கோடு மூன்று யூனிட்தான் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை, படித்தவர்களிடமும் இருக்கிறது. குழாயின் மேலுள்ள கோட்டுக்கு உள்ளே எந்த மருந்து இருக்கிறது என்று தெரியாது; அது அளப்பது கொள்ளளவை மட்டுமே. பூனைகளுக்குத் தரும் லென்ட்டேயும் புரோட்டமின் ஜிங்க் இன்சுலினும் யூ-40 வகை, அதாவது ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட். கிளார்ஜின் பொதுவாக யூ-100, அதே ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட். ஆகவே யூ-40 சிரிஞ்சில் ஒரு கோடு 0.025 மில்லிலிட்டர், யூ-100 சிரிஞ்சில் அதுவே 0.01 மில்லிலிட்டர். யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் உள்ளே போவது இரண்டரை யூனிட். அந்த அம்மாவின் சிவப்பு மூடிச் சிரிஞ்ச் யூ-40; அதில் மூன்று கோடு இழுத்தார். ஒவ்வொரு வேளையும் போனது ஏழரை யூனிட்.

தலைகீழாக நடந்தாலும் ஆபத்துதான், ஆனால் மெதுவாக வரும். யூ-40 மருந்தை யூ-100 சிரிஞ்சில் எடுத்தால் சொன்ன அளவில் ஐந்தில் இரண்டு பங்குதான் போகும். பூனை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், இளைத்துக்கொண்டே போகும். புதிய இன்சுலின் பிடிக்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிறகு ஒருநாள் சரியான சிரிஞ்ச் கைக்கு வரும்போது அந்தக் கூட்டிய அளவு முழுதாக உள்ளே இறங்கும். (மிகச் சிறிய அளவுகளைத் துல்லியமாக எடுப்பதற்காக நாங்களே சில நேரம் வேண்டுமென்றே சிரிஞ்சை மாற்றித் தருவதுண்டு. அது கணக்கைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துச் செய்வது. வீட்டில் மனக்கணக்காகச் செய்வதல்ல.)

பழைய மருந்தின் அளவும் புதியதற்குப் பொருந்தாது. லென்ட்டேயில் மூன்று யூனிட் போட்டுக்கொண்டிருந்த பூனையையும் நான் கிளார்ஜினில் ஒரு யூனிட்டில்தான் தொடங்குகிறேன். முதல் சில நாட்கள் சர்க்கரை ஏறித்தான் இருக்கும். கிளார்ஜின் உடலில் நிலைகொள்ள ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதற்குள் பதறி நீங்களாக அரை யூனிட்கூடக் கூட்டாதீர்கள், தயவுசெய்து. ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என 12 மணி நேரம் சர்க்கரையைப் பார்த்துத்தான் அளவைத் திருத்துவோம்.

பழையதன் கடைசி ஊசி காலையில் என்றால், புதியதன் முதல் ஊசி இரவில் வழக்கமான நேரத்துக்கு. குப்பியில் மிச்சம் இருக்கிறதே என்று இரண்டையும் மாற்றி மாற்றிப் போடக் கூடாது. கிளார்ஜினில் எதையும் கலக்காதீர்கள், நீர்க்க வைக்காதீர்கள்: அதன் அமிலத்தன்மை குலைந்தால் நீடித்து வேலை செய்யும் குணமும் போய்விடும். அது தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் வேண்டாம். லென்ட்டேயைக் குலுக்கிய பழக்கத்தில் இதையும் குலுக்காதீர்கள். பூனை சாப்பிடாத நாளில் எங்களைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். ஊசி நழுவி மருந்து பாதி ரோமத்தில் வழிந்ததா என்ற சந்தேகம் வந்தாலும் மறுபடி போட வேண்டாம். ஒரு வேளை தவறினால் சர்க்கரை ஏறும், அவ்வளவுதான். இரட்டிப்பாகப் போனால் உயிர் போகலாம்.

பூனை தள்ளாடினாலோ, சோர்ந்து எங்காவது போய் ஒளிந்துகொண்டாலோ, வலிப்பு வந்தாலோ, தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவிவிட்டு உடனே கிளம்புங்கள். சுயநினைவு இல்லாத பூனையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வரும்போது இன்சுலின் குப்பியையும் நீங்கள் பயன்படுத்தும் சிரிஞ்சையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்பேன்.