பணம் வராத பில்லுக்கு கிரெடிட் நோட் போடாதீர்கள்

பணம் வராத பில்லுக்கு கிரெடிட் நோட் போட்டுவிட்டு ஆடிட்டரான என்னிடம் வந்து நிற்பவர்களில், இந்த ஆண்டில் மட்டும் இவர் மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேரிடம் பொறுமையாகத்தான் பேசினேன். மூன்றாமவர் வந்தபோது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதற்குப் பரிகாரமாகத்தான் இதை எழுதுகிறேன்.

இயந்திர உதிரிபாகங்கள் செய்துதரும் சின்னப் பட்டறை அவருடையது. ஒரு பார்ட்டிக்கு 4,00,000 ரூபாய்க்குச் சரக்கு செய்து கொடுத்து, 18 சதவீத ஜிஎஸ்டி 72,000 சேர்த்து 4,72,000க்கு பில் போட்டிருக்கிறார். சரக்கு போய்ச் சேர்ந்தது, பணம் வரவில்லை. 72,000ஐ மட்டும் அடுத்த மாதமே தன் கைக்காசிலிருந்து கட்டிவிட்டார். எட்டு மாதம் நடையாய் நடந்தார். அப்புறம் யாரோ ஒருவர், "முழுத் தொகைக்கும் கிரெடிட் நோட் போட்டுவிடு, ஜிஎஸ்டியாவது மிஞ்சும்" என்று சொல்ல, போட்டேவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். பார்ட்டியிடமிருந்து வந்த பதில் மூன்றே வரி: நீங்களே கிரெடிட் நோட் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டீர்கள், நாங்கள் தர வேண்டியது எதுவும் இல்லை, நகல் இணைக்கப்பட்டுள்ளது.

கிரெடிட் நோட் என்பது, "நான் பில்லில் போட்ட தொகை எனக்கு வர வேண்டியதில்லை" என்று விற்றவர் தன் கையாலேயே வாங்கியவருக்கு எழுதித் தரும் சீட்டு. அதை எப்போது போடலாம் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்லியிருக்கிறது. விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தால் போடலாம். சரக்கு திரும்பி வந்தால் போடலாம். கொடுத்த சரக்கிலோ சேவையிலோ குறை இருந்தால் போடலாம். பார்ட்டி பணம் தரவில்லை என்பது அதில் இல்லை. எத்தனை முறை படித்தாலும் இல்லை. சரக்கு வாங்கியவரிடமே இருக்கிறது, விலையும் சரி, தரமும் சரி, பணம்தான் வரவில்லை என்றால் அந்த பில் நூற்றுக்கு நூறு சரியான பில். சரியான பில்லைக் குறைக்க ஆவணம் ஏது?

"போர்ட்டல் ஏற்றுக்கொண்டதே சார்" என்பார்கள். போர்ட்டல் எதைத்தான் ஏற்காது? நீங்கள் போடும் கிரெடிட் நோட் வாங்கியவரின் திரைக்கும் போகும். 2024 அக்டோபரிலிருந்து இருக்கும் இன்வாய்ஸ் மேலாண்மை வசதியில் அவர் அதை நிராகரித்தால் நீங்கள் குறைத்துக்கொண்ட வரி திரும்ப உங்கள் தலையிலேயே ஏறும். அவர் ஏற்றுக்கொண்டால் அதைவிட மோசம். அவர் 72,000 இன்புட்டை, அதாவது உங்கள் பில்லைக் காட்டித் தன் ஜிஎஸ்டியில் கழித்துக்கொண்ட வரியை, திருப்பிக் கட்டுவார், 4,00,000ஐத் தராமலே விட்டுவிடுவார். உங்கள் கையெழுத்தே அவருக்குச் சாட்சி.

அப்படியானால் அந்த 72,000 போனது போனதுதானா? இந்திய ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை ஆமாம். பிரிட்டனில் ஆறு மாதம் பணம் வராமல் போய், கணக்கிலும் வாராக்கடனாக எழுதிவிட்டால், கட்டிய வாட் வரியைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. பணம் கைக்கு வந்தபின் ஜிஎஸ்டி கட்டுகிறேன் என்று சொல்லும் வசதியும் இங்கே இல்லை. சரக்கென்றால் பில் போடும்போதே வரிப் பொறுப்பு வந்துவிடும். சேவையென்றால் பொதுவாக பில், பணம் இரண்டில் எது முந்துகிறதோ அப்போது. இது நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள். நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் ரிட்டர்னில் அதற்குக் கட்டம் இல்லை.

நம் பக்கம் சாய்ந்த ஒரு விதியும் இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் விற்றவருக்குப் பணம் தராவிட்டால், வாங்கியவர் எடுத்த இன்புட் வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த பிறகுதான் மறுபடி எடுக்கலாம். 150ஆவது நாள் இதைக் குறிப்பிட்டு மரியாதையாக ஒரு கடிதம் அனுப்புங்கள். முதலாளி படிக்காவிட்டாலும் அவருடைய ஆடிட்டர் படிப்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் பயமுறுத்துவதில் கெட்டிக்காரர்கள்.

சரி, வருமான வரிக்கு வருவோம். இங்கே கதவு திறந்தே கிடக்கிறது, நம் ஆட்கள்தான் உள்ளே போவதில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. எல்லாருக்கும் பழகிய 1961 சட்ட எண்களையே இங்கே சொல்கிறேன். 36(1)(vii) பிரிவின்படி வாராக்கடனை வருமானத்திலிருந்து கழிக்கலாம். முக்கியமான நிபந்தனைகள் இரண்டு. அந்த பில் இந்த ஆண்டிலோ முந்தைய ஆண்டுகளிலோ உங்கள் வருமானக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். கழிவு கேட்கும் ஆண்டின் கணக்குப் புத்தகத்தில் அதை வாராக்கடன் என்று எழுதித் தள்ளியிருக்க வேண்டும், அதாவது நாம் சொல்லும் ரைட் ஆஃப்.

"கோர்ட்டுக்குப் போய் பணம் வராது என்று நிரூபித்தால்தானே?" இல்லை. 1989 ஏப்ரலுக்கு முன்னால் அப்படித்தான் இருந்தது, கடன் உண்மையிலேயே மோசமாகிவிட்டது என்று காட்ட வேண்டியிருந்தது. சட்டத்தைத் திருத்தினார்கள். கணக்கில் எழுதித் தள்ளினாலே போதும் என்று 2010இல் டிஆர்எஃப் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நேரடி வரிகள் வாரியமே 2016இல் சுற்றறிக்கை போட்டு அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஐயக்கடனுக்கு, அதாவது வருமா என்று சந்தேகமான பாக்கிக்கு, ஒதுக்கு வைத்தால் மட்டும் போதாது. ஒதுக்கு வேறு, எழுதித் தள்ளுவது வேறு. கடனாளிகள் தொகையிலிருந்தே அது குறைந்திருக்க வேண்டும்.

இவ்வளவு சுலபமாக இருந்தும் ஏன் செய்வதில்லை? ஒரு காரணம் மனசு. "எழுதித் தள்ளிட்டா அவன் கடனை நானே மன்னிச்ச மாதிரி ஆயிடாதா?" ஆகாது. ரைட் ஆஃப் உங்கள் புத்தகத்துக்குள் நீங்கள் போடும் பதிவு. அதைப் பார்ட்டியிடம் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. அவர் கடன் அப்படியே இருக்கும். நீங்கள் கேட்கலாம், வழக்குப் போடலாம். பிற்பாடு பணம் வந்தால் வந்த ஆண்டின் வருமானமாகக் காட்டி வரி கட்டினால் முடிந்தது. விசித்திரம் பாருங்கள், பார்ட்டியைக் கடனிலிருந்து விடுவிக்கிற கிரெடிட் நோட்டைக் கை கூசாமல் போடுகிறவர்கள், விடுவிக்காத ரைட் ஆஃபைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

இன்னொரு காரணம் வங்கி. ஓவர்டிராஃப்ட் (ஓடி) கடன் வரம்புக்காகக் கடனாளிகள் பட்டியலைக் கொழுக்க வைத்திருப்பார்கள். ஐந்து வருடப் பாக்கியும் அதில் புதுப் பாக்கி போல உட்கார்ந்திருக்கும். இதைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குப் புரியும்.

யாருக்கெல்லாம் இந்தக் கழிவு கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 44ஏடி பிரிவில் விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டுகிறவர்களுக்குத் தனியாக வாராக்கடன் கழிவு இல்லை. எல்லாச் செலவும் போகத்தான் அந்தச் சதவீதம். அதோடு, 6 சதவீதம் என்பது ரிட்டர்ன் கெடுவுக்குள் வங்கி வழியாக வந்துசேர்ந்த பணத்துக்குத்தான். வராத பில்லுக்கு 8 சதவீதம். பணம் வந்த அன்றுதான் வருமானம் என்று ரொக்க முறையில் கணக்கு எழுதுகிறவர்களுக்கும் கழிவு இல்லை. காட்டாத வருமானத்தை எப்படிக் கழிப்பது? ஒரு வடிவமைப்பாளர் வரவை மட்டும் எழுதிவிட்டு, வராத பில்லைச் செலவாகவும் போட்டிருந்தார். என்ன தைரியமோ! இன்னொன்று, ரொக்க முறை வருமான வரிக்கு மட்டும்தான், ஜிஎஸ்டிக்குச் செல்லாது. மைத்துனருக்குக் கொடுத்த கைமாற்றையும் இதில் கொண்டுவராதீர்கள்.

இனி பில் போடும் முன் செய்ய வேண்டியவை. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு எடுங்கள், இலவசம், பில் போடும் தேதிக்கு முன்பே எடுத்திருங்கள், பில்லில் எண்ணை அச்சடியுங்கள். உற்பத்தி அல்லது சேவை செய்யும் குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வாங்கியவர் அந்தக் கெடுவுக்குள் தராவிட்டால், வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்ததிலிருந்து, பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அந்தச் செலவை அவர் வருமானத்திலிருந்து கழிக்க முடியும். மார்ச் மாதத்தில் இதைச் சொல்லிக் கேளுங்கள். குரலுக்கு வராத பணம் இதற்கு வரும். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, அவர்கள் கடன் கொடுக்கும்போதே யோசிக்க வேண்டும்.

புதுப் பார்ட்டியென்றால் புரோபார்மா, அதாவது பில்லுக்கு முந்தைய மாதிரிச் சீட்டு, அனுப்பி, ஜிஎஸ்டி அளவுக்காவது முன்பணம் வாங்குங்கள், தயவுசெய்து. கையிலிருந்து வரி கட்டும் கொடுமையாவது இருக்காது. பணம் வரவில்லையே என்று பில் போடுவதைத் தள்ளிப்போடலாம் என எண்ணாதீர்கள். சரக்கு கிளம்பும்போதே பில் வேண்டும், சேவைக்குப் பொதுவாக 30 நாள்தான். வருடா வருடம் பாக்கியை ஒப்புக்கொண்டு பார்ட்டியிடம் கையெழுத்து வாங்குங்கள். வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அதற்குள் வாங்கும் எழுத்து ஒப்புதல் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். உங்கள் பெயரில் யார் எவ்வளவு டிடிஎஸ் கட்டினார்கள் என்று காட்டும் வரித்துறை அறிக்கையான 26ஏஎஸ்ஸையும் பாருங்கள். பணமே தராத பார்ட்டி டிடிஎஸ் மட்டும் பிடித்துக் கட்டியிருப்பார், அதை வைத்துத் துறை உங்களிடம் வருமானம் எங்கே என்று கேட்கும்.

பட்டறைக்காரருக்கு என்ன சொன்னேன்? சரக்கு திரும்பி வராமல், அதில் குறையும் இல்லாமல் போட்ட கிரெடிட் நோட் தவறானது, எனவே முதலில் 72,000ஐ வட்டியோடு கட்டச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் போனை வாங்கிப் பார்த்தேன். கிரெடிட் நோட் போட்டு இரண்டு வாரம் கழித்து அந்தப் பார்ட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி கிடந்தது: "தீபாவளிக்கு முன்னாடி பாதி செட்டில் பண்ணிடறேன்." அதைப் பிரிண்ட் எடுத்து, டெலிவரி சலான், ஈவே பில்லோடு சேர்த்து வக்கீலிடம் கொண்டுபோகச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.