பதிவேற்றியவர் கண்ணில் படாத பழைய பக்கம்

மண்டபம் பகுதி நாட்டுப்படகு மீனவர் சங்கம் ஒன்றின் இணையதளத்தைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ஓர் ஐப்பசி மாதக் காலையில், மன்னார் வளைகுடாவில் பலத்த காற்று வீசும், கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கையைப் பதிவேற்றி, பக்கத்தைத் திறந்து பார்த்துச் சரியென்று உறுதியும் செய்துகொண்டேன். அரை மணி நேரத்தில் பாம்பன் கரையிலிருந்து சங்கச் செயலாளர் அழைத்தார். "தம்பி, இங்க நேத்துப் போட்டதுதான் நிக்குது. தடை இல்லன்னு இருக்கு. ஐஸ் பெட்டி ஏத்திக்கிட்டு இருக்காங்கப்பா" என்றார். எச்சரிக்கையை அழைப்பிலேயே வாசித்துக் காட்டினேன். அவர் கரையில் நின்று உரக்கச் சொல்லி வள்ளங்களை நிறுத்தினார்.

என் திரையில் புதிய அறிவிப்பு, அவர் கைப்பேசியில் பழையது. எங்களுடையது போல வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் தளங்களில், வேகத்துக்காகப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும் கேஷ் பிளகின்கள் (கூடுதல் நிரல்கள்), வழக்கமாக, உள்நுழைந்திருப்பவருக்கு அந்த நகலைக் காட்டாமல் தரவுத்தளத்திலிருந்து பக்கத்தைப் புதிதாகவே உருவாக்கித் தருகின்றன. அதனால் பழைய பக்கம் நிற்பதைக் காண முடியாத ஒரே ஆள், பெரும்பாலும், அதைப் பதிவேற்றியவர்தான். பிரவுசரின் உள்நுழையாத தனிச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) பார்க்காமல் "எனக்குச் சரியாகத்தான் தெரிகிறது" என்று எவருக்கும் பதில் சொல்லக் கூடாது.

தனிச் சாளரத்தில் திறந்து, பக்கத்தோடு சர்வர் அனுப்பும், திரையில் தெரியாத தலைப்புத் தகவல்களைப் பார்த்தபோது 'ஏஜ்' என்ற வரியில் 41380 என்று இருந்தது. அது நகலின் வயது, நொடிக் கணக்கில். அதாவது சி.டி.என். (பக்கங்களின் நகல்களை வைத்துக்கொண்டு வாசகருக்கு அருகிலிருந்து தரும் இடைநிலை சர்வர்கள்) பதினொன்றரை மணி நேரத்துக்கு முந்தைய நகலைத் தந்துகொண்டிருந்தது. முகவரியின் இறுதியில் ஒரு கேள்விக்குறியும் ஏதேனும் ஓர் எண்ணும் சேர்த்துத் திறந்ததும் புதிய அறிவிப்பு வந்ததால், தரவுத்தளத்தில் குறையில்லை, இடையிலுள்ள நகல்களில்தான் குறை என்பது உறுதியாயிற்று. புதிய பதிவு வந்தால் அந்தப் பதிவு, முகப்பு, வகைப் பட்டியல் ஆகியவற்றின் நகல்களைப் பிளகின் தானே நீக்கிவிடும். ஆனால் எங்கள் வானிலைப் பக்கம், ஷார்ட்கோடு என்ற சிறு குறியீட்டின் வழியாகப் பதிவுகளை எடுத்துக் காட்டும் தனிப் பக்கம் என்பதால் அதற்கும் பதிவுக்கும் உள்ள தொடர்பைப் பிளகின் அறிந்திருக்கவில்லை.

நீக்கும் வரிசை முக்கியமானது. முதலில் சர்வரில் உள்ள நகலையும் அதன் பிறகே சி.டி.என். நகலையும் நீக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சி.டி.என். சர்வரிடமிருந்து பழையதையே மீண்டும் வாங்கி வைத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அழிப்பதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் எல்லோரும் தளத்தைத் திறக்கும் காற்றுநாளில் அத்தனை பக்கங்களையும் ஒரே நேரத்தில் உருவாக்கச் சிறிய சர்வரால் இயலாது.

இவ்வளவு செய்த பின்னும் செயலாளரின் கைப்பேசியில் பழையதே நின்றது. ஒரு நகலை எத்தனை நொடி பயன்படுத்தலாம் என்று சொல்லும் 'மேக்ஸ்-ஏஜ்' 86400 என்று அமைத்திருந்ததால், அந்த நகலுக்கு 24 மணி நேர வயதாகும் வரை அவருடைய பிரவுசர் எங்களிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வாசகர் கைக்குப் போய்விட்ட நகலை அழிக்க நம்மிடம் எந்தப் பொத்தானும் கிடையாது. இப்போது அந்தப் பக்கத்துக்கு மட்டும் 'நோ-கேஷ்' கொடுத்திருக்கிறேன். பெயர் 'சேமிக்காதே' என்பதுபோல் ஒலித்தாலும், அது சேமிப்பதைத் தடுப்பதில்லை. காட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்கச் சொல்கிறது. மாற்றம் இல்லையென்றால் 304 என்ற சிறு பதிலோடு முடிந்துவிடுவதால், சிக்னல் மெலிந்த கரையோரத்துக்கும் அது ஒத்துவருகிறது.

இன்னொன்றை அன்று மிகத் தாமதமாகவே கவனித்தேன். தளத்தின் தலைப்பில் ஓடிய கடிகாரம் வாசகரின் கைப்பேசி நேரத்தைக் காட்டுவது. அதனால் முந்தைய நாள் அறிவிப்பின் மேல் அன்றைய தேதி ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தை எடுத்துவிட்டு, பதிவேற்றிய தேதியையும் நேரத்தையும் அறிவிப்பின் முதல் வரியாகப் பெரிய எழுத்தில் வைத்தேன். இப்போதெல்லாம் எச்சரிக்கை ஏற்றியதும் செயலாளரை அழைக்கிறேன். அவர் கரையிலிருந்தே பக்கத்தைத் திறந்து அந்த முதல் வரியை வாசித்துச் சொல்கிறார், அது என் பதிவோடு ஒத்த பிறகே அழைப்பை முடிக்கிறேன்.